வெள்ளி கிரகத்துக்கு ஏன் காந்தம் இல்லை? (வாசகர் கேள்வி-பதில்)

போன இதழில் திசைகாட்டி பற்றி நாலு வரி எழுதப்போக, இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காந்தத்தைப் பிடித்துக்கொண்டன. ஆம்பூர் மாணவியின் கேள்விக்கே அதிக இடம் போய்விட்டது, மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: சார், நான் பிளஸ் டூ படிக்கிறேன். காந்தப்புலம் அளக்கும் ஆப் ஒன்றை போனில் இறக்கி, வேலூர் கோட்டை மைதானத்தில் வைத்துப் பார்த்தேன். 41 மைக்ரோடெஸ்லா காட்டியது. அப்பாவின் பைக் பக்கத்தில் கொண்டுபோனால் தொண்ணூறைத் தாண்டுகிறது. பூமிக்குக் காந்தம் இருப்பது சரி, வெள்ளியும் ஏறக்குறைய பூமி அளவுதானே, அதற்குள்ளும் இரும்பு இருக்கிறதே, அதற்கு மட்டும் ஏன் இல்லை? மெதுவாகச் சுற்றுவதால் என்று கைடில் போட்டிருக்கிறது. சரியா? (ஒரு மாணவி, ஆம்பூர்)

பதில்: கைடில் இருப்பதை எழுதினால் மார்க் போடுவார்கள், பரீட்சையில் அதையே எழுதிவிடுங்கள். ஆனால் எனக்கு அந்தப் பதிலில் சம்மதம் இல்லை. புதனைப் பாருங்கள். தன்னைத்தானே ஒருமுறை சுற்ற அதற்கு ஏறக்குறைய 59 நாள் ஆகிறது. இருந்தும் அதற்குச் சொந்தமாகக் காந்தப்புலம் இருப்பதை மாரினர் 10 விண்கலம் 1974இலேயே கண்டுபிடித்துவிட்டது. பூமியினுடையதில் நூறில் ஒரு பங்குதான், ஆனால் இருக்கிறது. இந்தப் பக்கம் செவ்வாய். 24 மணி 37 நிமிடத்தில் ஒரு சுற்று, கிட்டத்தட்ட நம்மைப் போலத்தான், அதற்கோ இன்று கிரகம் முழுக்கப் பரவிய காந்தப்புலம் கிடையாது. சுற்றும் வேகம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றால் இந்த இரண்டும் இடம் மாறியல்லவா இருக்க வேண்டும்?

உங்கள் 41 சரியான அளவுதான். பூமியின் மேற்பரப்பில் இது சுமார் 25இலிருந்து 65 மைக்ரோடெஸ்லா வரை இடத்துக்கு இடம் மாறும், நம் பக்கம் 40ஐ ஒட்டி வரும். பைக் பக்கத்தில் ஏறியது பைக்கின் இரும்பாலும் அதிலுள்ள காந்தங்களாலும். வீட்டில் பீரோ பக்கத்தில் வைத்தாலும் இப்படித்தான் குழம்பும்.

இப்போது பூமிக்குள் போவோம். பாடப்புத்தகத்தில் பூமிக்கு நடுவே ஒரு சட்டக் காந்தத்தைச் சாய்வாக வரைந்திருப்பார்கள். அந்தப் படத்தை மறந்துவிடுவது நல்லது. இரும்பை 770 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் அது நிரந்தரக் காந்தமாக இருக்கும் தன்மையை இழந்துவிடும், பூமியின் கருவிலோ நாலாயிரம் ஐயாயிரம் டிகிரி. அங்கே சட்டமும் இல்லை, காந்தக் கட்டியும் இல்லை. ஆனால் புலம் உள்ளே இருந்துதான் வருகிறது என்பதை 1839இலேயே ஜெர்மன் கணித மேதை காஸ் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். அப்படியானால் மிச்சம் இருப்பது ஒன்றுதான், மின்னோட்டம். நம் காலுக்குக் கீழே 2,900 கிலோமீட்டர் போனால் உருகிய இரும்பும் நிக்கலும் கலந்த கடல் தொடங்குகிறது, 5,150 கிலோமீட்டர் வரை. அதற்கும் உள்ளே, அழுத்தம் தாங்காமல் உறைந்துபோன திட உருண்டை. (இந்த உருண்டை இருப்பதை 1936இல் டென்மார்க்கின் பூகம்ப ஆய்வாளர் இங்கெ லேமன் பூகம்ப அலைகளை வைத்தே கண்டுபிடித்தார். ஆழ்துளைக் கிணறு போடாமலேயே!) அந்த உருகிய இரும்பு சும்மா நிற்பதில்லை. சூடானது மேலே எழும்பி, ஆறியது கீழே இறங்கி, ஆண்டுக்குப் பத்து இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. வேலூரில் கிளம்பினால் ஒரு வருஷத்தில் ஆற்காடு வந்து சேராத வேகம், ஆனாலும் அது போதும். ஏற்கெனவே இருக்கிற காந்தப்புலத்துக்குள் மின்கடத்தும் திரவம் நகர்ந்தால் மின்னோட்டம் பிறக்கும், அந்த மின்னோட்டம் மறுபடி காந்தப்புலத்தை உண்டாக்கும். பூமி சுற்றுவது இங்கேதான் வேலைக்கு வருகிறது. நேராக எழும்பப் பார்க்கும் ஓட்டத்தை அது முறுக்கி, வடக்கு தெற்காக நீண்ட சுழல்களாக ஒழுங்குபடுத்துகிறது. இந்த முறுக்கலுக்கு வெள்ளியின் 243 நாள் சுற்றுகூடப் போதும் என்றுதான் கணக்குகள் சொல்கின்றன, ஏனென்றால் உள்ளே இருக்கும் ஓட்டம் அதைவிடவும் மந்தம்.

ஆக மின்கடத்தும் திரவம், சுழற்சி, அந்தத் திரவத்தைக் கலக்கிக்கொண்டே இருக்க ஒரு காரணம், மூன்றும் வேண்டும். முதல் இரண்டோடு பெரும்பாலோர் நிறுத்திவிடுகிறார்கள். சிக்கல் மூன்றாவதில்தான் இருக்கிறது. கரு சூடாக இருந்தால் மட்டும் போதாது, அந்தச் சூட்டை வேகமாக வெளியே விட வேண்டும். இரும்பு நல்ல வெப்பக்கடத்தி. சூடு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியேறுகிறது என்றால் இரும்பு நின்ற இடத்திலேயே நின்றபடி அதைக் கடத்திவிடும், எழும்பி இறங்க வேண்டிய அவசியமே வராது. அதற்குமேல் சூடு போக வேண்டியிருந்தால்தான் திரவம் புரள ஆரம்பிக்கும்.

எவ்வளவு சூட்டை வெளியே விடலாம் என்று தீர்மானிப்பது கரு இல்லை, அதன்மேல் உட்கார்ந்திருக்கும் பாறை, அதாவது மேன்டில். பூமியில் கடலடித் தரை ஆறிப்போய்க் கனத்து உள்ளே அமிழ்ந்துகொண்டே இருக்கிறது. சுமத்ரா பக்கம் இந்தியப் பெருங்கடலின் தரை அப்படி இறங்குகிற இடத்தில்தான் 2004 டிசம்பரில் பூமி உலுக்கியது, நம் கடற்கரை அதற்கு விலை கொடுத்தது. அந்தப் பக்கத்தைப் பொறுத்தவரை அது கொடுமை. ஆனால் இப்படிக் குளிர்ந்த பாறை உள்ளே போய்க்கொண்டே இருப்பதால்தான் மேன்டில் ஆறுகிறது, மேன்டில் ஆறுவதால்தான் கருவின் சூடு வெளியே வருகிறது. வெள்ளியில் இப்படி அமிழ்ந்து புதுப்பிக்கும் தட்டுகளின் ஏற்பாடு இல்லை. ஒரே மூடியாக மேலோடு மூடிக் கிடக்கிறது, அதன் மேற்பரப்பே 460 டிகிரிக்கு மேல்.

ஆம்பூர்க்காரருக்கு தம் போட்ட பிரியாணி அண்டாவைச் சொன்னால் போதும். கீழே தணல், மூடியின் மேலும் தணல், ஓரத்தில் மாவு ஒட்டி அடைத்தாயிற்று. உள்ளே கை வைக்க முடியாத சூடு, ஆனால் ஒரு பருக்கைகூடப் புரளாது. மேல்தணலை எடுத்துவிட்டு மூடியைத் திறந்து, அதே அண்டாவில் வெறும் தண்ணீரை வைத்தால் தளதளவென்று புரளும். வெள்ளியின் கரு தம்மில் இருக்கிறது.

பூமிக்கு இன்னொரு அனுகூலமும் உண்டு. நடுவில் உள்ள திட உருண்டை வளர்ந்துகொண்டிருக்கிறது, ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். இரும்பு உறையும்போது மறைவெப்பம் வெளிப்படும், அதோடு இரும்பில் கரைந்திருந்த லேசான தனிமங்கள் உருண்டைக்குள் சேராமல் வெளியே தள்ளப்பட்டு மேலே எழும்பும். இரண்டும் கலக்கலுக்கு உதவுகின்றன. வெள்ளியில் அந்த உறைதல் இன்னும் தொடங்கவே இல்லாமல் இருக்கலாம். நிலவை உருவாக்கியது போன்ற பெரிய மோதல் எதுவும் வெள்ளியில் நடக்காததால், அதன் கரு அடுக்கடுக்காக, கனமானது கீழே லேசானது மேலே என்று அசையாமல் தங்கிவிட்டது என்றும் ஒரு கருத்து உண்டு. எனக்குச் சூடு வெளியே போகவில்லை என்ற முதல் காரணம்தான் பலமாகப் படுகிறது, ஆனால் இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். எப்படியிருந்தாலும் சொந்தப் புலம் இல்லை என்பதில் சந்தேகம் இல்லை. 1962இல் மாரினர் 2 கடந்துபோனபோதும் கிடைக்கவில்லை, 1978இல் போன பயனியர் வீனஸ் பல ஆண்டு சுற்றிச் சுற்றித் தேடியும் கிடைக்கவில்லை.

கேள்வி: மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். காந்தம் இருந்தால்தான் கரண்ட், கரண்ட் இருந்தால்தான் காந்தம் என்கிறீர்கள். முதல் காந்தம் எங்கிருந்து வந்தது? அதோடு, எனாமல் உரிந்தாலே எங்கள் காயில் ஷார்ட் ஆகிவிடும். மொத்தமும் ஒரே இரும்புக் குழம்பாக இருக்கும்போது கரண்ட் எப்படி ஒழுங்காக ஓடும்? (ஒரு வாசகர், குடியாத்தம்)

பதில்: அண்ணே, முதல் கேள்விக்குப் பதில் உங்கள் கடையிலேயே இருக்கிறது. ரொம்ப நாள் ஓடாமல் கிடந்த பழைய ஜெனரேட்டர் சில சமயம் சுற்றினாலும் கரண்ட் எடுக்காது. இரும்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்சநஞ்சக் காந்தமும் போயிருக்கும். ஃபீல்டு காயிலுக்கு பேட்டரியிலிருந்து ஒரு நொடி சப்ளை காட்டினால் பிடித்துக்கொள்ளும், அப்புறம் பேட்டரி தேவையில்லை. கிரகத்திலும் அதே கதைதான், உவமைக்காகச் சொல்லவில்லை, விதியே ஒன்றுதான். இளம் சூரியனைச் சுற்றியிருந்த வாயுவிலேயே மெல்லிய காந்தப்புலம் இருந்தது. அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் போதும், உள்ளே ஓட்டம் இருந்தால் அதைப் பெருக்கிக்கொள்ளும். பெருகிப் பெருகி, காந்தவிசையே ஓட்டத்தைப் பின்னுக்கு இழுக்கும் அளவு வந்ததும் நின்றுகொள்ளும். ஓட்டம் நின்றுவிட்டால் மின்தடையில் கரண்ட் தேய்ந்து, சில பத்தாயிரம் ஆண்டுகளில் பூமியின் புலம் காலியாகிவிடும். 340 கோடி ஆண்டுப் பழைய பாறைகளிலேயே காந்தப் பதிவு கிடைக்கிறது என்பதால், இந்த ஜெனரேட்டர் வெகுகாலமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிகிறது.

ஷார்ட் பற்றிய சந்தேகம் பெரிய ஆட்களையே படுத்தியிருக்கிறது. 1919இல் ஜோசப் லார்மர் என்ற இயற்பியலாளர், சூரியனின் காந்தம் இப்படித்தான் உண்டாகிறது என்று சொன்னார். 1930களில் டி.ஜி. கௌலிங் என்ற கணித அறிஞர், அச்சைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் புலத்தை இப்படித் தாங்கிப் பிடிக்கவே முடியாது என்று கணிதத்தில் நிரூபித்து எல்லோர் வாயையும் அடைத்துவிட்டார். வழி என்னவென்றால் ஓட்டம் கோணல்மாணலாக இருக்க வேண்டும், முறுக்கோடு இருக்க வேண்டும். அப்படி இருந்தால் காயிலும் வேண்டாம், எனாமலும் வேண்டாம். 1999இல் லாட்வியாவின் ரிகாவிலும் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவேயிலும் உருகிய சோடியத்தை முறுக்கி ஓடவிட்டு, வெளிக் காந்தம் எதையும் நம்பியிராமல் காந்தப்புலத்தை எழுப்பியே காட்டிவிட்டார்கள். பூமியின் புலம் சுற்றும் அச்சிலிருந்து பத்து டிகிரி அளவு சாய்ந்திருப்பதில் கௌலிங்குக்கு ஆட்சேபம் இருக்காது. சனிதான் வம்பு செய்கிறது. அதன் காந்த அச்சும் சுற்றும் அச்சும் நூறில் ஒரு டிகிரிகூட விலகாமல் ஒத்துப்போவதை கசினி விண்கலம் அளந்தது, உள்ளே கோணலாக இருப்பதை ஏதோ ஓர் அடுக்கு மறைக்கிறது என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: காந்தப்புலம் போனதால்தான் செவ்வாய்க்குக் காற்றும் தண்ணீரும் போயிற்று, நமக்கும் ஒருநாள் அந்தக் கதிதான் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது. உண்மையா? (ஓய்வுபெற்ற ஊழியர், ராணிப்பேட்டை)

பதில்: ஐயா, முதல் பாதியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. செவ்வாய்க்கு ஒரு காலத்தில் நல்ல காந்தப்புலம் இருந்தது. 1997இல் அங்கே போய்ச் சேர்ந்த மார்ஸ் குளோபல் சர்வேயர், தென்பகுதி மேட்டுநிலப் பாறைகளில் அந்தப் பழைய காந்தம் உறைந்து நிற்பதைக் கண்டது, சில இடங்களில் பூமியின் பாறைகளைவிடப் பல மடங்கு பலமாக. ஆனால் ஹெல்லாஸ் போன்ற மாபெரும் மோதல் பள்ளங்களின் உள்ளே ஏறக்குறைய ஒன்றும் இல்லை. மோதலில் உருகிய பாறை மறுபடி இறுகும்போது மேலே புலம் இருந்திருந்தால் அது பதிந்திருக்கும். பதியவில்லை என்றால் அதற்குள் ஜெனரேட்டர் நின்றிருக்க வேண்டும். சுமார் 400 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சமாச்சாரம் இது.

கரு உறைந்துபோனதால் நின்றது என்று வீடியோக்காரர்கள் சொல்வார்கள். தவறு. 2018இல் இறங்கிய இன்சைட் கலம் அங்கே நில அதிர்வு மானியை வைத்துக் கேட்டதில், செவ்வாயின் கரு பெரும்பாலும் உருகியே இருக்கிறது என்று தெரிந்தது. கந்தகம் போன்ற லேசான தனிமங்கள் நிறையக் கலந்திருப்பதால் அது எளிதில் உறைவதில்லை. உருகிய இரும்பு இருக்கிறது, சுழற்சி இருக்கிறது, புரளல்தான் இல்லை. ஆம்பூர் மாணவிக்குச் சொன்னதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

காற்று விஷயம் அவ்வளவு நேர்கோடு இல்லை. சூரியனிலிருந்து வரும் துகள் வீச்சு செவ்வாயின் காற்றை இன்றும் அரித்துக்கொண்டிருப்பதை மேவன் கலம் 2014 முதல் அளந்திருக்கிறது. சரி. ஆனால் வெள்ளிக்கும் காந்தக் கவசம் இல்லை, சூரியனுக்கு நம்மைவிடப் பக்கத்தில் வேறு இருக்கிறது, அதன் காற்றழுத்தமோ நம்முடையதைப்போல் 90 மடங்கு! கவசம் போனால் காற்றும் போகும் என்ற வாதம் வெள்ளியிடம் செல்லாது. செவ்வாயின் ஈர்ப்பு நம்முடையதில் 38 சதவீதம்தான், காற்றைப் பிடித்துவைக்க அதற்குச் சக்தி குறைவு. இதைச் சொல்லாமல் காந்தத்தின் தலையில் மட்டும் பழியைப் போடுவது வசதியான கதை. பூமியின் கருவில் இன்னும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குச் சரக்கு இருக்கிறது, வீடியோவை அழித்துவிடலாம்.

கேள்வி: வட துருவமும் தென் துருவமும் இடம் மாறப்போகிறதாமே? (ஒரு வாசகர், காட்பாடி)

பதில்: மாறும், பலமுறை மாறியிருக்கிறது. கடைசியாக முழுதாக மாறியது சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன்பு. மாறி முடிய ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். அடுத்தது எப்போது என்று தேதி சொல்கிறவர் ஜோசியர்.

கேள்வி: வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது, பூமியின் காந்தம் ரத்தத்திலுள்ள இரும்பை இழுக்கும் என்று மாமியார் சொல்கிறார். அறிவியல்தான் என்கிறார். (ஒரு வாசகி, வாணியம்பாடி)

பதில்: அம்மா, மாமியாரிடம் சண்டைக்குப் போகாமல் இதை மட்டும் சொல்லிப் பாருங்கள். வேலூருக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள் எத்தனையோ பேர் எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் அரைமணி நேரம் படுத்துவிட்டு எழுந்துபோகிறார்கள். அந்தக் காந்தம் பெரும்பாலும் 1.5 டெஸ்லா, நம் ஊரில் பூமியின் புலத்தைவிட ஏறக்குறைய 37,000 மடங்கு. அதுவே ரத்தத்தை ஒரு பக்கமாக இழுக்கவில்லை. ரத்தத்தில் இருக்கும் இரும்பு ஆணி மாதிரி ஒட்டிக்கொள்ளும் இரும்பு இல்லை, ஹீமோகுளோபினுக்குள் அணு அணுவாகக் கட்டுண்டு கிடப்பது. மற்றபடி காற்று வருகிற ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் தலை வையுங்கள். ஏப்ரல் மே மாதத்தில் நம் பக்கத்து வெயிலுக்கு அதுதான் சாஸ்திரம்.

கேள்வி: எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் காவலூர் தொலைநோக்கி. வியாழனில் வெறும் ஹைட்ரஜன்தான், பிறகு அதற்கு எப்படி அவ்வளவு பெரிய காந்தம்? காவலூரில் இருந்து இதையெல்லாம் பார்க்க முடியுமா? (ஆசிரியர், ஆலங்காயம்)

பதில்: காந்தப்புலத்தைக் கண்ணாடி வைத்த தொலைநோக்கியில் நேராகப் பார்க்க முடியாது. வியாழனின் காந்தமே முதலில் ரேடியோவில்தான் மாட்டியது, 1955இல் அங்கிருந்து வந்த ரேடியோ இரைச்சலை பர்க், பிராங்க்ளின் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் தற்செயலாகப் பிடித்தார்கள். ஆனால் இந்தக் கதையில் வரும் இரண்டு பாத்திரங்களுக்கும் காவலூருக்கும் பழைய பழக்கம் உண்டு. வியாழனின் நிலவு கானிமீட் 1972இல் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, ஜவ்வாது மலையில் அப்போதுதான் நிறுவியிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியில் பார்த்து அதற்கு மெல்லிய காற்றுறை இருப்பதற்கான தடயம் சொன்னார்கள். 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போனபோது, கிரகம் வந்து சேருவதற்கு முன்பே நட்சத்திரத்தின் வெளிச்சம் விட்டுவிட்டு மங்கியது. யுரேனஸின் வளையங்கள் அப்படித்தான் வெளியே தெரிந்தன, அன்று கண் வைத்திருந்த இடங்களில் காவலூரும் ஒன்று.

வியாழனுக்கு வருவோம். மின்சாரம் கடத்தும் திரவம் வேண்டும் என்றேனே தவிர, அது இரும்பாக இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. அங்கே ஆழத்தில் பத்து லட்சக்கணக்கான வளிமண்டல அழுத்தத்தில் ஹைட்ரஜன் நெருங்கி நெருங்கி, எலக்ட்ரான்கள் கட்டவிழ்ந்து, உலோகம் போல நடந்துகொள்கிறது. கிரகத்தின் பெரும்பகுதியே அந்தத் திரவம்தான், அதுவும் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்று, உள்ளே சூடும் தாராளம். மேகத்தின் மேல்மட்டத்திலேயே நம்மைவிடப் பத்து மடங்குக்கு மேல் பலமான புலம். யுரேனஸிலும் நெப்டியூனிலும் ஹைட்ரஜன் அவ்வளவு அமுங்குவதில்லை, அங்கே மின்சாரம் கடத்துவது அழுத்தத்தில் அயனிகளாகப் பிரிந்த நீரும் அம்மோனியாவும். அந்த ஓட்டம் கிரகத்தின் நடுவில் இல்லாமல் மேலடுக்கில் மட்டும் நடப்பதால்தானோ என்னவோ, 1986 ஜனவரியில் வாயேஜர் 2 போய்ப் பார்த்தபோது யுரேனஸின் காந்த அச்சு 59 டிகிரி சாய்ந்து, மையத்தை விட்டே விலகிக் கிடந்தது. காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு நம் நாட்டு வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டதும் அதே மாதம்தான்.

கானிமீட்டுக்குச் சொந்தக் காந்தப்புலம் இருப்பதை 1996இல் கலிலியோ விண்கலம் கண்டது. அதை எதிர்பார்த்தவர்கள் குறைவு, ஏனென்றால் வேறு எந்த நிலவுக்கும் இன்று அது கிடையாது. புதனைவிடப் பெரிய நிலவு, உள்ளே இரும்பு தனியே பிரிந்து கருவாக இறங்கியிருக்கிறது. பக்கத்து வீட்டு காலிஸ்டோ ஏறக்குறைய அதே அளவு, ஆனால் பனியும் பாறையும் சரியாகப் பிரியாமலே கலந்து கிடக்கிறது, காந்தமும் இல்லை. இவ்வளவு சின்ன உடலில் கருவின் புரளல் இத்தனை காலம் எப்படித் தாக்குப்பிடித்தது என்பது இன்னும் தீராத வழக்கு. 2023 ஏப்ரலில் கிளம்பிய ஐரோப்பாவின் ஜூஸ் விண்கலம் 2031இல் வியாழனை அடைந்து, 2034இல் கானிமீட்டையே சுற்றத் தொடங்கும் என்பது திட்டம். நீங்கள் இப்போது ஆறாம் வகுப்பில் வைத்திருக்கும் பிள்ளைகள் அதற்குள் கல்லூரிக்குப் போயிருப்பார்கள், யாராவது ஒருத்தர் அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தால் எனக்கும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.